நெதர்லாந்தின் நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே போனது எப்படி? இறைக்கும் தண்ணீர் எங்கே போகிறது?

தாழ்நிலம் கேட்டது:

வணக்கம். நெதர்லாந்து பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் ஒரே வரிதான் வருகிறது: கடலைத் தள்ளிவிட்டு நிலம் எடுத்தார்கள், நாட்டில் பாதி கடலுக்குக் கீழே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு தயாராகிறது. அதில் இந்த வரியை அப்படியே போட மனம் வரவில்லை.

கடலுக்குக் கீழே இருக்கும் இடத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எப்படிக் குடியேறினார்கள்? அன்றைக்கு நீரிறைக்கும் காற்றாலைகூட இல்லையே. ஏரியை வற்றவைத்தார்கள் என்றால், அந்தத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? கரை உடைவதற்கு அலை மட்டும்தான் காரணமா? இதற்கெல்லாம் காசு யார் கொடுக்கிறார்கள்? தண்ணீரோடு மல்லுக்கட்டியதால்தான் டச்சுக்காரர்கள் எதையும் கூடிப் பேசி முடிக்கிறார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

---

வண்டல் எழுதியது:

முதலில் அந்தப் 'பாதி' கணக்கை நேர்செய்துவிடலாம். கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பது நாட்டின் 26 சதவீதம். கடல்மட்டத்துக்கு மேலே இருந்தும் ஆற்று வெள்ளம் ஏறக்கூடிய நிலம் இன்னொரு 29 சதவீதம். இரண்டையும் கூட்டி 55 சதவீதமும் கடலுக்குக் கீழே என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி 2007-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே தவறாக அச்சாகி, பிறகு திருத்தம் வெளியிட்டார்கள். கையேட்டில் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள், ஏனென்றால் ஆபத்தும் இரண்டு வகை.

இனி முக்கியமான விஷயம். கடலுக்குக் கீழே போய் யாரும் குடியேறவில்லை. குடியேறியபோது அந்த நிலம் கடலைவிட உயரமாகத்தான் இருந்தது. குடியேறிய பிறகுதான் அது இறங்கியது. இறக்கியதும் அங்கே உழுதவர்களேதான்.

கடலோர மணல்மேடுகளுக்குப் பின்னால், இன்றைய தென் ஹாலந்து, வட ஹாலந்து, உட்ரெக்ட் பகுதிகளில், ஆயிரக்கணக்கான வருஷங்களாக நாணலும் பாசியும் தண்ணீரில் கிடந்து, முழுசாக மக்காமல், அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே வந்தன. இதைத்தான் பீட் என்கிறோம். கையில் எடுத்துப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் ஒழுகும், பிறகு நார் நாராக ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தப் பஞ்சு மேடு கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் நின்றது.

10-ம் நூற்றாண்டு தொடங்கி 13-ம் நூற்றாண்டு வரை ஹாலந்து பிரபுக்களும் உட்ரெக்ட் ஆயர்களும் இந்தச் சதுப்பை ஒப்பந்தம் போட்டுக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்குச் சுமார் 110 மீட்டர் அகலம், 1,250 மீட்டர் நீளம். அந்த ஒப்பந்தத்தின் பெயர் 'கோப்'. போஸ்கோப், நியூகோப் என்று இன்றைக்கும் ஊர்ப்பெயர்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. துண்டின் இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டி ஆற்றுப் பக்கம் சரிவு கொடுத்தால், தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. ரை, கோதுமை போன்ற தானியங்கள் விளைந்தன. உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான்.

தண்ணீரை எடுத்ததும் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, பிழிந்த பஞ்சு மாதிரி நிலம் அமுங்கியது. இரண்டு, அதுவரை காற்றே படாமல் கிடந்த பீட்டுக்குள் காற்று புகுந்தது. நுண்ணுயிர்கள் அதைத் தின்ன ஆரம்பித்தன, மண்ணாக இருந்தது கரியமில வாயுவாகப் பறந்துபோனது. நிலம் இறங்கியது, பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. பள்ளத்தை ஆழமாக்கினார்கள், நிலம் இன்னும் இறங்கியது. இந்தச் சுழலில் இருந்து அவர்கள் இன்றுவரை வெளியே வரவில்லை. பீட் நிலங்களில் சில இடங்கள் இப்போதும் வருஷத்துக்கு 1 செ.மீ. வரை இறங்கிக்கொண்டிருக்கின்றன.

14, 15-ம் நூற்றாண்டுகளில் பல இடங்களில் தானியம் போட முடியாத அளவுக்கு ஈரம் ஏறிவிட்டது. புல்தான் வளர்ந்தது. மாடு வளர்த்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்று, தானியத்தைப் பால்டிக் கடல் பக்கமிருந்து கப்பலில் இறக்கினார்கள். நிலத்தில் வேலை குறைந்த ஆட்கள் ஊர்களுக்கும் கப்பல்களுக்கும் போனார்கள். டச்சு நகரங்கள் அவ்வளவு சீக்கிரம் வளர்ந்ததற்கு அடியில் இந்த இறங்கிப்போன நிலமும் ஒரு காரணம். காற்றாலையால் நீரிறைப்பது 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், ஆல்க்மார் பக்கம் ஆரம்பிக்கிறது.

இதோடு நிற்கவில்லை. நகரங்களுக்கு விறகு இல்லை, காய்ந்த பீட்தான் எரிபொருள். 16-ம் நூற்றாண்டில் நீளக் கழியின் நுனியில் இரும்பு வளையமும் வலையும் கட்டிய ஒரு அள்ளுகருவி வந்தது. அதை வைத்துத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பீட்டையும் அள்ளினார்கள். குறுகிய மண் திட்டுகளில் பரப்பி, காயவைத்து, செங்கல் அளவில் வெட்டி விற்றார்கள். அள்ளிய இடம் குளமானது. காற்றடித்து அலை மோதியதில் இடைத்திட்டுகள் கரைந்து, குளங்கள் சேர்ந்து ஏரிகள் ஆயின. ஏரி வருஷா வருஷம் கரையைத் தின்று விரிவதைப் பார்த்து அதற்கு 'தண்ணீர் ஓநாய்' என்றே பெயர் வைத்தார்கள். அந்த ஏரிகளைத்தான் பிறகு இறைத்து வற்றவைத்தது.

நாட்டிலேயே தாழ்ந்த இடம், கடல்மட்டத்துக்கு 6.7 மீட்டர் கீழே, கௌடா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸௌட்பிளாஸ் போல்டர். (சுற்றிக் கரை கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து வைத்திருக்கும் நிலத்துக்குப் பெயர் போல்டர்.) பீட் அள்ளி ஏரியாகி, 19-ம் நூற்றாண்டில் வற்றவைத்த இடம் அது. அந்தப் பள்ளத்தைத் தோண்டியது கடல் இல்லை, அடுப்புக்கு எரிபொருள் தேடிய கைகள்.

---

மதகடி எழுதியது:

ஏரி வற்றவைப்பதை நான் எழுதுகிறேன். நல்ல உதாரணம் வட ஹாலந்தில் இருக்கும் பேம்ஸ்டர். சுமார் 7,000 ஹெக்டேர், சராசரி ஆழம் மூன்றரை மீட்டர். 1612-ல் முடிந்தது.

ஏரியைச் சுற்றி வெளியே ஒரு கால்வாய் வெட்டுவார்கள். வெட்டிய மண்ணைக் கால்வாய்க்கும் ஏரிக்கும் நடுவில் கரையாகப் போடுவார்கள். கால்வாயின் நீர்மட்டம் சுற்றியுள்ள பழைய நிலத்தை ஒட்டி, அதாவது ஏரியின் தரையைவிட மிக உயரத்தில் நிற்கும். ஏரித் தண்ணீரை இந்தச் சுற்றுக் கால்வாயில் ஏற்றிவிட்டால் பிறகு அது தானாக ஓடும். 'எங்கே விட்டார்கள்' என்றதற்கு முதல் படி இதுதான். முன்பு ஏரி வழியாகப் போன படகுகளுக்கும் இதுவே வழியானது.

சிக்கல் ஏற்றுவதில். அன்றைய காற்றாலைக்குள் இருந்தது துடுப்புச் சக்கரம். அது ஒரே மூச்சில் ஏற்றக்கூடியது சுமார் ஒன்றரை மீட்டர்தான். அதற்கு மேல் கேட்டால் தண்ணீர் சக்கரத்தின் வழியே திரும்பி வழியும். அதனால் காற்றாலைகளைப் படிக்கட்டு மாதிரி வரிசையாக வைத்தார்கள். கீழே இருப்பது தண்ணீரை முதல் தொட்டிக்கு ஏற்றும், அடுத்தது அங்கிருந்து இன்னொரு படி, கடைசி ஆலை சுற்றுக் கால்வாயில் கொட்டும். மூன்றரை மீட்டருக்கு மூன்று ஆலை ஒரு வரிசை. மேல் ஆலை பழுதாகி நின்றுவிட்டால் கீழே இருப்பவன் ஏற்றிய தண்ணீர் நடுத்தொட்டியில் நிரம்பித் திரும்பவும் உள்ளேயே வழியும். ஆகவே ஒரு ஆலை நின்றால் வரிசை முழுவதும் நிற்க வேண்டும். பேம்ஸ்டரில் இப்படி மொத்தம் 43 ஆலைகள்.

1610-ல் ஏரி ஏறக்குறைய வற்றியிருந்த நேரம், ஸௌடர்ஸே என்ற உள்கடல் பக்கத்துக் கரை புயலில் உடைந்து திரும்பவும் நிரம்பிவிட்டது. பிறகு சுற்றுக்கரையை உயர்த்திக் கட்டி மறுபடி முதலிலிருந்து இறைத்தார்கள். பணம் போட்டவர்கள் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணம் போட்ட அதே வட்டாரத்து ஆட்கள். ஆலை வேலையை முன்னின்று பார்த்தவர் யான் அத்ரியான்ஸ் லேக்வாட்டர். நிலம் காய்ந்ததும் சுமார் 180 மீட்டர் அகலம், 900 மீட்டர் நீளம் என்று நூல் பிடித்த மாதிரி துண்டு போட்டார்கள். அடியில் இருந்தது பீட் இல்லை, பழைய கடல் களிமண். அதனால் வண்டல் சொன்ன இறக்கம் இங்கே அவ்வளவு இல்லை, விளைச்சலும் அமோகம்.

ஹார்லெம் ஏரி காற்றாலைக்கு அடங்காத அளவு. 18,000 ஹெக்டேர். 1836-ல் வந்த புயல்களில் தண்ணீர் ஒரு தடவை ஆம்ஸ்டர்டாம் வாசலுக்கும் இன்னொரு தடவை லைடன் வாசலுக்கும் வந்த பிறகுதான் அரசு இறங்கியது. மூன்று நீராவி இறைப்பு நிலையங்கள், 1849 முதல் 1852 வரை, சுமார் 80 கோடி கன மீட்டர் தண்ணீர். அதில் க்ருக்கியுஸ் நிலையத்தின் உருளை 3.66 மீட்டர் விட்டம். ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. கட்டடத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு எட்டு வார்ப்பிரும்பு உத்தரங்கள் வெளியே நீட்டி நிற்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பம்பு. இன்றும் போய்ப் பார்க்கலாம். ஸ்கிப்போல் விமான நிலையம் நிற்பது இந்த ஏரித் தரையில்தான்.

---

தாழ்நிலம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். சுற்றுக் கால்வாயில் ஏற்றிவிட்டால் தானாக ஓடும் என்றீர்கள். அதைச் சுற்றியிருக்கும் பழைய நிலமும் இப்போது இறங்கித்தானே இருக்கிறது? எங்கே ஓடும்? பெருமழையில் கால்வாயே நிரம்பினால்?

---

கரையோரம் எழுதியது:

சரியான இடத்தில் கைவைத்தீர்கள். மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் போல்டரின் பள்ளங்கள். நடுவில் 'பூஸம்' என்கிற கால்வாய்களும் ஏரிகளும் சேர்ந்த வலை. மதகடி சொன்ன சுற்றுக் கால்வாயும் அதில் ஒரு பகுதி. வெளியே கடலும் பெரிய ஆறுகளும். போல்டர் பம்பு பூஸத்துக்கு ஏற்றும், பூஸத்தின் பம்பும் மதகும் கடலுக்கு விடும். முன்பெல்லாம் கடல் வற்றம் வந்ததும் மதகைத் திறந்தால் போதும். இப்போது பல இடங்களில் வற்றத்திலும் கடல் உயரம்தான், பம்பு வேண்டும். ரைன்லாந்து பகுதியின் பூஸம் கடல்மட்டத்துக்குச் சுமார் 60 செ.மீ. கீழே நிற்கிறது. அதன் தண்ணீர் வெளியேறும் வாய்கள் நான்கு: காட்வைக், ஸ்பார்ன்டாம், ஹால்ஃப்வேக், கௌடா. ஆம்ஸ்டர்டாம் கால்வாய்கள் 40 செ.மீ. கீழே, அவற்றின் வெளிவாய் ஐமௌடன். அங்கே இருக்கும் பம்புகள் எல்லாம் சேர்ந்து ஓடினால் வினாடிக்கு 260 கன மீட்டர்.

பூஸம் நிரம்பி வழிகிற நிலை வந்தால் போல்டர் பம்புகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு போகும். பூஸத்தின் கரை உடைவதைவிட வயலில் முழங்கால் தண்ணீர் நிற்பது மேல் என்பது கணக்கு. ஃப்ரீஸ்லாந்தில் லெம்மர் ஊரில் 1920-ல் கட்டிய நீராவி நிலையம் ஒன்று இருக்கிறது, வௌடா நிலையம். நிமிஷத்துக்கு 4,000 கன மீட்டர். மின் பம்புகளால் சமாளிக்க முடியாத மழைக்காலத்தில் இன்றைக்கும் அதற்கு நெருப்பு மூட்டி ஓட்டுகிறார்கள்.

மழைக்கு மட்டும்தான் பம்பு என்று நினைக்க வேண்டாம். ஆழமான போல்டர்களில் தண்ணீர் அடியிலிருந்தும் ஊறுகிறது, அதுவும் உவர்ப்பாக. கோடையில் மழை இல்லாவிட்டால் பள்ளங்களில் உப்பு ஏறிவிடும். அப்போது ஆற்றிலிருந்து நல்ல தண்ணீரை உள்ளே விட்டு அலசி வெளியேற்றுவார்கள். தண்ணீரை இறைக்கவே பிறந்த ஊர் வறட்சியில் தண்ணீர் தேடுவது இதனால்தான்.

அடுத்து, யார் தீர்மானிக்கிறார்கள்? ஒவ்வொரு பகுதியின் நீர்மட்டத்தையும் செ.மீ. கணக்கில் எழுதி நிறைவேற்றிய தீர்மானம் உண்டு. அதில்தான் உண்மையான சண்டை. பால்மாட்டுப் பண்ணைக்காரருக்கு மட்டம் தாழ்வாக வேண்டும், இல்லாவிட்டால் மாட்டின் குளம்பும் டிராக்டர் சக்கரமும் புதையும். பக்கத்தில் பழைய வீடு வைத்திருப்பவருக்கு மட்டம் உயர்ந்தே இருக்க வேண்டும். அந்த வீடு நிற்பது மரத்தூண்களில். தூண் முழுதும் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும். தலைப்பகுதி வெளியே வந்து காற்றுப் பட்டால் பூஞ்சை பிடித்து மிருதுவாகிவிடும், பிறகு சுவர் விரிசல். ஆம்ஸ்டர்டாம் டாம் சதுக்கத்து அரண்மனை 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கிறது, அதற்கும் இதே விதிதான். பறவை, சதுப்பு என்று பார்ப்பவர்களுக்கும் மட்டம் உயர வேண்டும். நிலம் இறங்க இறங்க மட்டத்தையும் கூடவே இறக்கிக்கொண்டு போவதா, இல்லை நிறுத்துவதா என்பதுதான் இன்று பீட் பகுதிகளில் பெரிய வழக்கு.

இதை நடத்துவது நீர்வாரியங்கள், டச்சில் 'வாட்டர்ஸ்காப்'. ரைன்லாந்து வாரியத்தின் பழமை 1255-ம் ஆண்டுச் சாசனம் வரை போகிறது. 1950 வாக்கில் 2,600 போல இருந்தவை இணைந்து இணைந்து இன்று 21. நகராட்சிக்கு வெளியே தனியாக வரி போடும் அதிகாரம், நான்கு வருஷத்துக்கு ஒரு தேர்தல், கழிவுநீர் சுத்திகரிப்பும் இவர்கள் பொறுப்பு. வீட்டில் குடியிருப்பவர், கட்டட உரிமையாளர், நிலக்காரர் எல்லோருக்கும் வரி உண்டு. 1953 வெள்ளத்துக்குப் பிறகு கரை வேலைக்குக் கடன் கிடைக்கத் தங்களுக்கென்று ஒரு வங்கியே 1954-ல் தொடங்கினார்கள். பெரிய கடல் தடுப்புகள் மட்டும் மத்திய அரசின் ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட் துறையிடம்.

இலையுதிர் காலத்தில் பள்ளங்களைப் பார்வையிடும் வழக்கம் இன்னும் உண்டு. தன் நிலத்தை ஒட்டிய பள்ளத்தில் களை, சேறு எடுக்க வேண்டியது நிலக்காரர் கடமை. குறித்த தேதிக்குள் எடுக்காவிட்டால் வாரியமே எடுத்துவிட்டு ரசீது அனுப்பும்.

---

கல்மதில் எழுதியது:

கரை ஏன் உடைகிறது என்ற கேள்வியை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன். அலை மோதி முன்பக்கம் இடிவது நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய காரணம் இல்லை. பெரும்பாலும் கரை பின்பக்கமிருந்துதான் போகிறது.

1953 பிப்ரவரி 1, சனி இரவு கழிந்து ஞாயிறு விடியும் நேரம். வடமேற்குப் புயலும், பௌர்ணமியை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும் பெரு ஓதமும் ஒன்றாக வந்தன. ஃப்ளிஸ்ஸிங்கனில் கடல் 4.55 மீட்டர் ஏறியது. ஸீலாந்திலும் தென் ஹாலந்துத் தீவுகளிலும் கரையின் கடல்பக்கம் கல் பதித்திருந்தது. நிலப்பக்கம் வெறும் புல், சரிவும் செங்குத்து. தண்ணீர் கரைமேல் வழிந்து அந்தப் பின்சரிவை ஊறவைத்தது. ஊறிய மண் சரிந்தது, கரை மெலிந்தது, மீதி தானாக உடைந்தது. 1,836 பேர் இறந்தார்கள், 72,000 பேரை வெளியேற்றினார்கள். கரைகள் போதாது என்று யொஹான் ஃபான் ஃபேன் என்ற பொறியாளர் பல வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார், போருக்குப் பிந்தைய பணமுடையில் அது காதில் ஏறவில்லை. கடைசி உடைப்பை அவ்வர்கெர்க் ஊரில் அடைத்து முடித்தது நவம்பரில். நடுவில் ஒன்பது மாதம் ஓதம் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு ஓதமும் உடைப்பை இன்னும் ஆழமாக அரித்தது. உடைப்பை முதல் சில நாளிலேயே அடைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவது வகை ஆற்றுக்கரைகளில். ஆற்றில் வெள்ளம் வந்து பல நாள் நின்றால், அழுத்தத்தில் தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள மணல் அடுக்கு வழியாகப் புகுந்து, நிலப்பக்கத்தில் ஊற்றாகக் கிளம்பும். தெளிந்த நீராக வந்தால் கவனித்தால் போதும். ஊற்றைச் சுற்றி மணல் வளையம் சேர ஆரம்பித்தால், கரைக்கு அடியில் குழாய் மாதிரி பொந்து விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஊற்றின் வாயில் மூட்டையைப் போட்டு அடைக்கத்தான் கை போகும். அது தவறு, அழுத்தம் அடங்காமல் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். ஊற்றைச் சுற்றி மணல்மூட்டையால் கிணற்றுச் சுவர் மாதிரி வட்டமாகக் கட்டி, உள்ளே தண்ணீரை ஏறவிட வேண்டும். ஏறி நிற்கும் தண்ணீரின் எடை எதிர் அழுத்தம் கொடுக்கும், மணல் வருவது நிற்கும். தண்ணீர் வரட்டும், மணல் வரக்கூடாது. வெள்ளக் காலத்தில் கரைமேல் நடந்து இதைப் பார்ப்பதற்கென்றே வாரியங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர் படை உண்டு.

மூன்றாவது, யாரும் எதிர்பார்க்காதது. 2003 ஆகஸ்ட் 26, வில்னிஸ் ஊர். வெள்ளமும் இல்லை, புயலும் இல்லை, கடும் வறட்சி. கால்வாய்க் கரை பீட்டால் ஆனது. காய்ந்த பீட் எடை குறைந்து லேசாகிவிட்டது. பின்னால் நின்ற தண்ணீரின் தள்ளலைத் தாங்கும் கனம் இல்லாமல் கரை அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது. சுமார் 60 மீட்டர் உடைப்பு, சுமார் 2,000 பேர் வெளியேற்றம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வறட்சியிலும் பீட் கரைகளில் விரிசல் தேடி ஆட்கள் நடக்கிறார்கள், சில இடங்களில் கரைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீரைத் தடுக்கும் கரைக்கே தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

1953-க்குப் பிறகு கடல் நுழையும் வாய்களில் தடுப்புகள் கட்டிய டெல்டா திட்டத்தைப் பிள்ளைகளுக்கு எழுதும்போது அதன் விலையையும் எழுதுங்கள். ஊஸ்டர்ஸ்கெல்ட் என்ற கடல்கழியின் வாயை முழுக்க அடைப்பதாகத்தான் முதலில் திட்டம். சிப்பி, மட்டி மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்ததால் 62 எஃகுக் கதவுகளோடு திறந்து மூடும் தடுப்பாக மாற்றி 1986-ல் முடித்தார்கள். ஓதம் உள்ளே வருகிறது, ஆனால் முன்னைப்போல் வேகமாக இல்லை. அதனால் திட்டுகளில் மணல் திரும்பச் சேர்வதில்லை, இருக்கிற மணலும் ஆழ ஓடைகளில் சரிந்து விழுகிறது. பறவைகள் மேயும் திட்டுகள் கரைகின்றன. இதற்கு 'மணல் பசி' என்றே பெயர். ராட்டர்டாமின் மாஸ்லாண்ட் தடுப்பு வேறு மாதிரி: 210 மீட்டர் நீளத்தில் இரண்டு மிதக்கும் கதவுகள், 1997-ல் முடிந்தது, நீர்மட்டம் 3 மீட்டர் எட்டும் என்று கணினி கணித்தால் மனிதர் உத்தரவு இல்லாமல் தானே மூடும். 2007 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் புயலுக்காக மூடியது.

---

ஏட்டடுக்கு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தண்ணீரால்தான் சமரசப் பண்பு வந்தது என்பதைப் பாதிதான் ஏற்பேன். பழைய நீர்வாரியங்களில் நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் குரல், அதிக நிலத்துக்கு அதிகக் குரல். நிலமில்லாதவர்களுக்கு வெகுகாலம் ஓட்டே கிடையாது. கரைப் பராமரிப்பும் கனிவாக நடக்கவில்லை. ஒவ்வொரு நிலக்காரருக்கும் கரையில் இத்தனை நீளம் என்று பங்கு. தன் பங்கைப் பார்க்க வக்கில்லாதவன் கரையில் மண்வெட்டியைக் குத்திவிட்டு வெளியேற வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு நிலம் முழுதும் சொந்தம், கரைக் கடமையும் அவன் தலையில். சேர்ந்து செய்தார்கள் என்பது சரி. சமமாகச் செய்தார்கள் என்பது சரியில்லை.

கூடிப்பேசும் வழக்கத்துக்கு இன்னொரு வேர் மதப்பிரிவு. 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1960-கள் வரை கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், சோஷலிஸ்ட், லிபரல் என்று சமூகம் தூண் தூணாகப் பிரிந்து நின்றது. பள்ளி, பத்திரிகை, தொழிற்சங்கம், வானொலி எல்லாம் தனித்தனி. எந்தத் தூணுக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை, ஆகவே தலைவர்கள் மேலே உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். 1917-ல் மதப் பள்ளிகளுக்கும் அரசுப் பணம், பதிலுக்கு ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு என்று ஒரே உடன்பாட்டில் முடித்தது அப்படித்தான். பெண்களுக்கு 1919-ல் வந்தது. இந்தக் கூடிப்பேசும் முறைக்கு 'போல்டர் மாடல்' என்ற சொல் பிரபலமானது 1990-களில். அது குறிப்பது 1982-ல் வாஸனார் ஊரில் சங்கங்களும் முதலாளிகளும் செய்த உடன்பாட்டின் வழியை: சம்பள உயர்வைக் கட்டுப்படுத்துவது, பதிலுக்கு வேலை நேரத்தைக் குறைப்பது.

இரண்டும் ஒன்றுசேர்ந்ததைப் பார்க்க வேண்டுமானால் பழைய ஸௌடர்ஸே உள்கடலின் தரையில் 1942-ல் வற்றிய வடகிழக்குப் போல்டரைப் பாருங்கள். ஹார்லெம் ஏரியில் நிலத்தை விற்றுவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டது. முதலில் வந்தவர்கள் காய்ச்சலிலும் கடனிலும் அழிந்தார்கள். அந்தப் பாடத்தால் இங்கே முதல் சில வருஷம் அரசே சாகுபடி செய்து மண்ணைப் பக்குவப்படுத்திவிட்டு, பிறகு ஆள் தேர்ந்தெடுத்துக் குத்தகைக்குக் கொடுத்தது. விண்ணப்பித்தவரின் விவசாயத் திறமை, கையிருப்பு மட்டுமல்ல, அதிகாரிகள் வீட்டுக்கே போய் வீடு எப்படி இருக்கிறது என்றும் பார்த்தார்கள். நடுவில் எம்மலோர்ட், சுற்றிலும் சைக்கிள் தூரத்தில் கிராமங்கள். துண்டு 300 மீட்டருக்கு 800 மீட்டர், அதாவது 24 ஹெக்டேர். புத்தம்புதிய மண், ஆனால் பல கிராமங்களில் மூன்று தேவாலயம், மூன்று பள்ளி. தூண்களையும் கூடவே நட்டுவிட்டார்கள்.

ஒரு சிறு குறிப்பு: ஹாலந்து என்பது 12 மாகாணங்களில் இரண்டு மட்டும். நம் 'ஒல்லாந்தர்' அந்தப் பெயரிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று அவர்கள் வைத்த பெயரும் ஹாலந்து ஊர்ப்பெயர்தான்.

---

மதகடி எழுதியது:

வடகிழக்குப் போல்டர் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். அதைப் பழைய கரையோடு ஒட்டியே கட்டினார்கள். போல்டர் தாழ்வு, பழைய நிலம் மேடு. பழைய நிலத்தின் நிலத்தடி நீர் அடிவழியே போல்டருக்குள் இறங்கி, மேட்டு வயல்கள் வறண்டன. அதனால் 1957-லும் 1968-லும் வற்றவைத்த ஃப்ளேவோலாந்துப் போல்டர்களுக்கும் பழைய கரைக்கும் நடுவில் வேண்டுமென்றே ஏரிகளை விட்டுவைத்தார்கள். வரைபடத்தில் அந்த நீல நாடாவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அழகுக்காக விட்டதில்லை, அந்தப் பக்கத்து நிலத்தடி நீரைத் தாங்கிப் பிடிக்கிறது.

வற்றிய உடனே உழ முடியாது என்பதையும் எழுதுங்கள். கிடைப்பது கூழ் மாதிரி சேறு, ஆள் நடந்தால் புதைவான். ஃப்ளேவோலாந்தில் விமானத்திலிருந்து நாணல் விதை தூவினார்கள். நாணல் தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்கும், களையை அடக்கும், வேர் சேற்றைப் பிளந்து காற்றுப் புகவிடும். சில வருஷம் கழித்து நாணலை எரித்து, வடிகால் வெட்டி, முதல் பயிராகக் கடுகு இனத்து ரேப் விதை போட்டார்கள். தானியம் அதற்குப் பிறகுதான்.

---

வண்டல் எழுதியது:

ஆறுகளின் இன்றைய நிலையையும் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். 1993-லும் 1995-லும் ரைன், மாஸ் ஆறுகள் பெருகி, 1995-ல் சுமார் 2,50,000 பேரை ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டியதாயிற்று. கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டுவிட்டு ஆற்றுக்கு இடம் கொடுக்கும் திட்டம் வந்தது. ஜெர்மன் எல்லையில் லோபித்தில் வினாடிக்கு 16,000 கன மீட்டர் வந்தாலும் தாங்க வேண்டும் என்பது இலக்கு. நைமேகனுக்கு எதிரே லென்ட்டில் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டி, வால் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிளையே வெட்டினார்கள்.

மாஸ் ஆற்றோரம் ஓவர்டீப்ஸே போல்டர் இன்னும் நல்ல உதாரணம். கரையைத் தாழ்த்தி வெள்ளத்தை உள்ளே விட வேண்டும் என்றபோது, ஊரைக் காலிசெய்யாமல் இருக்க அங்கிருந்த விவசாயிகளே ஒரு யோசனை சொன்னார்கள். போல்டரின் ஓரத்தில் 6 மீட்டர் உயரத்துக்கு மண்மேடுகள் போட்டு, வீடும் மாட்டுத்தொழுவமும் அதன்மேல். அப்படி 8 பண்ணைகள் இப்போது மேட்டில் நிற்கின்றன. வயல் கீழே, எப்போதாவது வரும் பெருவெள்ளத்தில் மூழ்கும். ஃப்ரீஸ்லாந்தில் கரைகள் வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இப்படி மேடு கட்டித்தான் வாழ்ந்தார்கள். ஓதம் ஏறும்போது கப்பலில் இருப்பவர்கள் மாதிரி தெரிகிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அந்தக் கரையோர மக்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஹேக்பைன்டும் ஊரில் அப்படிப்பட்ட பழைய மேடு ஒன்று கிட்டத்தட்ட 9 மீட்டர் உயரத்தில், தேவாலயத்தைத் தலையில் தாங்கி இன்னும் நிற்கிறது. கையேட்டின் அட்டைக்குப் படம் தேடினால் காற்றாலையை விட்டுவிட்டு இந்த இரண்டு மேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.